வரையாமல் விட்டது

ஆண்டர்சன்பேட்டையில் பஸ் ஏறிய அண்ணனும் தங்கையும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அண்ணன் சுரங்கத்துக்கு மத்தியான ஷிப்டு போகிறவன். தங்கை அதைத் தாண்டி ஊரிகம் வரை டிக்கெட் வாங்கியிருந்தாள். அவள் மடியில் பெங்களூரில் வாங்கிய ஜப்பான்காரன் படக்கதை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். காதில் ஒரு குறையும் இல்லை.

“பேயையே வரையாம பயமுறுத்துறாண்ணா இந்த ஆளு.”

“பேய் இல்லாம இன்னா பேய்க்கதை?”

“ஊரு நடுவுல ஒரு பள்ளம். உள்ள கீறது வானத்தவிடப் பழசாம். அத்தக் காட்டவே மாட்டான். எட்டிப் பார்த்தவங்க மூஞ்சிய மட்டும் பக்கம் பக்கமா வரையறான்.”

“மூஞ்சி எப்டி கீது?”

“போன வாரம் கீழ பாறை வெடிச்சப்ப, நீ மேல வந்தியே, அப்டி கீது.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இன்னா பார்த்தே, சொல்லேண்ணா. அன்னியிலேர்ந்து நீ தூங்கல.”

“அந்த ஆளுக்கே வரைய வரல. நான் எப்டி சொல்றது?”

கொஞ்ச தூரம் போனபின் அவனே கேட்டான்.

“எட்டிப் பார்த்தவன் அப்பால இன்னா ஆனான்?”

“மறுபடி எறங்கிப் போறான். யாரும் கூப்பிடல, அவனாவே போறான்.”

“வீட்ல யாரும் தடுக்கலியா?”

“அந்தக் கதையில அவனுக்குத் தங்கச்சி இல்லண்ணா.”

சுரங்கத்து நிறுத்தம் வந்தது. அவன் எழுந்து அவள் பக்கத்திலிருந்த தன் சோற்றுத் தூக்குக்குக் கை நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“எறங்கறியாப்பா, இல்லியா?” என்றார் கண்டக்டர்.

அவன் வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“ஊரிகத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க.”