வாசலோரப் பாத்தி

குளிர்காலக் கீரைக்கு மண்ணைவிடக் காற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஐயா. பனியில் பிளாஸ்டிக் கூடாரத்தைத் திறக்க முடியாது. அடைத்த காற்றில் இலை பசித்துக் கிடக்கும். அதனால் எங்கள் ஷாண்டாங் பக்கம், பொழுது விடிந்ததும் வாளிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அமிலத் தண்ணீரில் வெள்ளை உரத்தைப் போடுவோம். நுரைத்துக்கொண்டு கரியமில வாயு கிளம்பும். இலைக்கு அதுதான் சாப்பாடு.

ஆனால் வாயுவை மட்டும் கொடுத்தால் இலை அகலுமே தவிர, வெளுத்துப்போகும். வெளுத்த பாலக்கீரையை லாரிக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். யூரியாவை அள்ளிப் போட்டேன். கறுகறுவென்று வந்தது. வெயில் குறைந்த மாதத்தில் அத்தனை உரத்தையும் இலையால் செரிக்க முடியாது, உள்ளேயே தேங்கிவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பெரியவர்களைப் பெரிதாக ஒன்றும் செய்யாதாம். கைக்குழந்தைக்குத்தான் ஆகாது. ரத்தம் மூச்சைச் சுமக்காமல் உதடு நீலம் பாரிக்குமாம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

எங்கள் ஊரில் கீரை போடுகிற எல்லாரும் கூடாரத்து வாசலோரம் ஒரு பாத்தியை வீட்டுக்கென்று விட்டுவைப்போம். அதற்கு யூரியா கிடையாது. அதிலிருந்து அடுத்தவருக்குப் பறித்துக் கொடுத்தால், அவரைச் சொந்தமாக நினைக்கிறோம் என்று பொருள்.

பக்கத்துக் கூடாரத்தில் ஷியூச்சின் வெள்ளரி போட்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. லாரியில் ஏற்றும் இடத்தில், பத்துப் பேர் முன்னால் கேட்டாள்: “தேஷெங் அண்ணே, என்ன உங்க கீரை இப்படிக் கறுத்துக் கெடக்கு? இவ்வளவு வெளையுது, உங்க வீட்டுச் சட்டிக்கு மட்டும் வாசப் பாத்தியிலருந்துதானே போகுது? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து லாரிக்காரர்கள் என் கீரையின் காம்பை ஒடித்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

அவளுடைய மகனும் மருமகளும் நகரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று மாதப் பேத்தி தாவ்தாவை அவள்தான் வளர்த்தாள். ஒருநாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணே, வாசப் பாத்தியில ஒரு பிடி குடுங்க. புள்ளைக்கு வயிறு எளக்கமா போகமாட்டேங்குது. பால்மாவுல கீரைத் தண்ணி கலந்து குடுக்கலாம்னு இருக்கேன்.”

“எடுத்துக்கோம்மா, ஒனக்கில்லாததா. நீ நடக்க வேணாம், தெனமும் நானே கொண்டாந்து தர்றேன்” என்றேன்.

முதல் நாள் வாசலோரத்தில்தான் பறித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து உள்பாத்தி, யூரியா போட்டது. எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு மாதம் குடித்துவிட்டு அந்தக் குழந்தை நன்றாக இருந்தால், அதே பத்துப் பேர் முன்னால் அவள் வாயை அடைத்திருப்பேன்.

“கூடப்பொறந்தவன் கூட இப்படிச் செய்ய மாட்டான்ணே. அன்னைக்கு ஏதோ வாய்த்துடுக்கா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்று அவள் கண்கலங்கினாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தினமும் குழந்தையைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

பதினோராம் நாள், நான் பார்ப்பதற்குள் அவளே பார்த்துவிட்டாள்.

“உதடு நெறம் மாறிக் கெடக்கே, அண்ணே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகவா?”

“குளிரும்மா. நல்லாப் போத்து. கீரைத் தண்ணியச் சூடா குடு, சரியாயிரும்.”

இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருந்தது, ஐயா. பாதியில் நிறுத்தினால் எதுவும் நிரூபணமாகாது.

பதின்மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தாவ்தாவ் போய்விட்டாள். பால்மாவில்தான் கோளாறு என்று ஷியூச்சின் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டப்பாக்களைக் கால்வாயில் எறிந்தாள். நானும் இரண்டு எறிந்தேன்.

தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் வீட்டிலும் அதே மாதத்தில் பிறந்த பேத்தி இருக்கிறாள், மான்மான். அவளுக்கு நான் வாசலோரப் பாத்தியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. உள்பாத்திப் பக்கம் போகக் கூடாது என்று மருமகளிடம் தினமும் சொல்வேன். மனதில் ஈரம் இல்லாதவன் ஒரு பச்சைக்குழந்தையை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்வானா, ஐயா?