ஞாயிற்றுக்கிழமைக் கடல் நிலவரம்

பிற்பகல் மூன்று மணி. ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ரூ பெர்தொனே என்ற வீதியில் ஒரு சனம் இல்லை.

நம்பமாட்டீர்கள். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. எண்பத்தேழாம் ஆண்டு. முதல்நாள் மாதா பெருநாள். எங்கள் லாஷப்பல் தமிழ்ச் சனத்தில் பாதி, வேதக்காரர் சைவக்காரர் என்ற பேதம் இல்லாமல், பஸ் பிடித்து லூர்துக்குப் போயிருந்தது. மிச்சச் சனம் வெயிலுக்குப் பயந்து அறைக்குள் கிடந்தது. கடைகளின் இரும்புக் கதவுகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. பாலத்தின் மேலே மெத்ரோ போகும்... அந்தச் சத்தமும் அடங்கினால், பிறகு ஒன்றும் இல்லை.

அந்த வீதியால் ஒரு மனிதர் தனியே நடந்து வருகிறார்.

கிட்ட வந்து கதையைக் கேளுங்கள். போர்வைக்குள் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. ஹீட்டர் திருத்துகிறவன் இனி நாளைக்குத்தான் வருவான். தில்லையம்பலம் அண்ணை, அந்தச் சிகரெட்டை அணையுங்கோ. இருட்டில் அது மட்டும் தெரிவது நன்றாக இல்லை.

அந்த மனிதரின் பெயர் சவிரிமுத்து. என் கூட்டாளி பேனாட்டின் தாய்மாமன். பேசாலைக்காரர். ஊரில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். இங்கே ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். பேனாட்டும் அவரும் ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரே அறையில்தான் இருந்தார்கள். ஆனால் பேனாட் வேலைக்குப் போகும்போது மாமா படுத்திருப்பார். மாமா வரும்போது பேனாட் படுத்திருப்பான். ஒருவர் முழித்திருக்க மற்றவர் நித்திரை. பேச்சு இல்லை.

சவிரிமுத்துவுக்குப் பேசக் கிடைத்தது ஒரே ஒரு ஆள். தம்பி ஞானரட்ணம்.

ஞானரட்ணம் அதற்கு முந்திய வருஷம் கனடாவுக்குப் போயிருந்தான். எல்லாரும் இருக்கும் பக்கம் இல்லை. மற்றக் கரை. பசுபிக் கடல். வான்கூவர் தீவின் மேற்கு ஓரத்தில், மழையும் மரமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சின்னத் துறை. அங்கே ஒரு கிழவனிடம் படகுகள் இருந்தன. பெரிய நகரங்களிலிருந்து வெள்ளைக்காரர் வருவார்கள். காசு கொடுத்துப் படகில் ஏறி, பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பார்கள். இவன் படகில் உதவிக்குப் போவான்.

"பிடிச்சுப்போட்டு திரும்பக் கடலிலை விடுறாங்கள் அண்ணை," என்று ஒருமுறை சொன்னானாம்.

"விசரோடா அவங்களுக்கு?"

"மீனுக்கு முத்தமும் குடுத்துத்தான் விடுறாங்கள்."

சவிரிமுத்து அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு கிழமை முழுக்கக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சிரித்தார் என்று பேனாட் சொன்னான்.

அங்கே இரண்டு மீனுக்குத்தான் மதிப்பு. ஒன்று சமன். எங்கள் ஊரில் தகரத்தில் அடைத்து வந்ததே, அந்தப் பெயர்தான், ஆனால் இது உண்மையான சமன், வெள்ளி மாதிரி மினுங்கும். மற்றது ஹலிபட். தட்டையான மீன். ஒரு கதவளவுகூட வளரும். கண் இரண்டும் ஒரே பக்கத்தில். கடலின் அடியில் மண்ணைப் போர்த்துக்கொண்டு, மேலே பார்த்தபடி அசையாமல் கிடக்கும்.

கிழவனுடைய கந்தோரில், அலுவலக அறையில், ரெலிபோனோடு ஒரு ரேப் மெசின் இருந்தது; ஆள் தூக்காவிட்டால் ஒலிநாடாவில் பேசி வைத்தது தானே ஓடும். விடியற்காலையில் எழும்பி, அன்றைய நிலவரத்தை அதில் பேசி வைப்பது ஞானரட்ணத்தின் வேலை. காற்று எப்படி, அலை எப்படி, மூடுபனி உண்டா, சமன் எத்தனை பாக ஆழத்தில் ஓடுகிறது, ஹலிபட் எந்தத் திட்டில் கிடக்கிறது... வருகிறவர்கள் ரெலிபோன் எடுத்துக் கேட்டுவிட்டு வருவார்கள். இங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் அங்கே காலை ஆறு. சவிரிமுத்து எடுப்பார். முதலில் மெசின் பேசும். தம்பியின் இங்கிலிசு. இவருக்கு விளங்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டு நிற்பார். பாதியில் தம்பி ஓடிவந்து தூக்குவான். "அண்ணை!"

ரூ பெர்தொனே மூலையில் இருந்த ரெலிபோன் கூண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழுதாகி, காசை விழுங்காமல் உலகம் முழுக்கப் பேச விட்ட கூண்டு. மற்ற நாளென்றால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு ஒருவரும் இல்லை. சவிரிமுத்து கதவைத் திறந்தார். உள்ளே மூத்திர மணம். வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் மணம். கையிலெடுத்த ரெலிபோன் வாங்கி காதைச் சுட்டது.

இலக்கத்தை அழுத்தினார். அங்கே மணி அடித்தது. ஒருமுறை... இரண்டுமுறை... பிறகு 'டொக்'.

ரேப் சுற்றும் இரைச்சல்.

"ஞாயிற்றுக்கிழமை."

தமிழ்.

தம்பியின் குரல்தான். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக.

"காத்து இல்லை. அலை இல்லை. மூடுபனி... மேலை எப்பிடியோ தெரியேல்லை. நீரோட்டம் தெக்கை. சமன் பத்துப் பாகத்திலை போகுது. வெள்ளை வயிறு தெரியுது. ஹலிபட் இஞ்சை, மண்ணோடை. வெளிச்சவீட்டுப் பாறைக்கு மேற்கை ரெண்டு கட்டை. முப்பது பாகம். குளிர்..."

"டேய் தம்பி, என்ன விளையாட்டு இது? தூக்கடா."

இரைச்சல் மட்டும். மூச்சுச் சத்தம் இல்லை. பிறகு 'கீச்' என்ற ஒலி. லைன் விட்டுப்போனது.

மறுபடி எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் தூக்கவில்லை.

சவிரிமுத்து வேலைக்குத் திரும்பிப் போனார். நடுச்சாமம் வரைக்கும் கோப்பை கழுவினார். கை நீருக்குள் இருக்கும்போதுதான் அவருக்கு அது உறைத்ததாம். படகில் இருக்கிறவனுக்கு மீனின் முதுகுதான் தெரியும். வயிறு தெரிய வேண்டுமென்றால்... கீழே இருந்து பார்க்க வேண்டும்.

அன்றிரவு பேனாட்டைத் தட்டி எழுப்பினார். "நீ இங்கிலிசு படிச்சனி. நாளைக்கு ஒருக்கா எடுத்துக் கேள்."

திங்கட்கிழமை பேனாட் எடுத்தான். ஒரு பெண் பேசினாள். கிழவனுடைய மகள். இவன் யாரென்று சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில், நல்ல மூடுபனியில், தூண்டில் இரைக்குச் சின்ன மீன் பிடித்துவர ஞானரட்ணம் சின்னப் படகில் தனியே போனானாம். படகு கிடைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. மூன்று நாளாகத் தேடுகிறார்கள். சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம்.

"மெசினிலை ஆர் பேசி வைச்சது?" என்று பேனாட் கேட்டான்.

ஒருவரும் பேசி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிய அவன் இங்கிலிசில் பேசியதுதான் இன்னும் அதில் இருக்கிறது. மனம் வராமல் அழிக்கவில்லை என்றாள்.

பேனாட் இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கட்டிலில் இருந்தார். சப்பாத்துக் கழற்றவில்லை. "முப்பது பாகம்," என்று மட்டும் சொன்னாராம்.

தில்லையம்பலம் அண்ணை, நீங்கள் கேட்கப்போவது தெரியும்.

"தம்பி எப்பவோ பகிடிக்குத் தமிழிலை பேசி வைச்சிருப்பான். அந்த ரேப் தவறி ஓடியிருக்கும்," என்றார் தில்லையம்பலம் அண்ணை, இருட்டுக்குள்ளிருந்து.

பேனாட்டும் அப்படித்தான் நினைத்தான். அடுத்த ஞாயிறு மாமாவோடு தானும் போனான். கூண்டுக்குள் இரண்டுபேர் நிற்க முடியாது. நெருக்கியடித்து நின்று, ஒரே வாங்கியில் இரண்டு காதையும் வைத்தார்கள்.

'டொக்'. இரைச்சல்.

"ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்யுது போலை. சத்தம் மட்டும் கேக்குது. நீரோட்டம் தெக்கை. சமன் குறைஞ்சுபோச்சு. ஹலிபட் இருக்கு. பெரிசு. பக்கத்திலை வந்து கிடக்குது. வெளிச்சவீட்டுப் பாறைக்கு மேற்கை ரெண்டு கட்டை. முப்பது பாகம்."

வாங்கியிலிருந்து மணம் வந்தது என்றான் பேனாட். ரெலிபோனிலிருந்து மணம் வருமா? ஆனால் வந்தது. பழைய டீசலும், வெட்டின இரைமீனும், அதற்குக் கீழே... குளிர்ந்த சேறும்.

சவிரிமுத்து கடலில் பிறந்து வளர்ந்தவர். திசை, கட்டைக் கணக்கில் தூரம், பாகக் கணக்கில் ஆழம்... வலை விட்ட இடத்தை ஒருவன் மற்றவனுக்குச் சொல்லுவது அப்படித்தான். "அவன் இடம் சொல்லுறான்," என்றார். "சொல்லு அவையளுக்கு."

"எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது மாமா?"

"தமையன் கனவு கண்டவன் எண்டு சொல்லு."

பேனாட் சொன்னான். அந்தப் பெண் தகப்பனிடம் கேட்டுவந்து சொன்னாள். அந்தப் பாறைப் பக்கம் யாரும் தேடவில்லையாம். அவன் போனது நேர் எதிர்ப் பக்கம்.

கிழவன் போனான். வந்திருந்தவர்களில் துணிவான இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, ஹலிபட்டுக்குப் போடும் தடித்த தூண்டில்களோடு. சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில் இறக்கினார்கள். ஒன்று கொளுவியது. துடிக்கவில்லை. இழுக்கவில்லை. பாரம் மட்டும். பெரிய ஹலிபட்டும் முதலில் அப்படித்தான் வருமாம்... பேசாமல், ஒரு பலகை மாதிரி. அவர்கள் அதுதான் என்று நினைத்து இழுத்தார்கள். தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரியும்வரைக்கும்.

மீன் தின்றது போக மிச்சம். முகம் இல்லை. மீன்பிடிகாரர் போடும் ரப்பர் சப்பாத்து ஒரு காலில் இருந்தது. உயரம் சரியாக இருந்தது. அந்தக் கரையில் அந்த வருஷம் வேறு ஒருவரும் காணாமல் போகவில்லை. பொலிஸ் கையெழுத்து வைத்தது. கிழவன் தன் செலவில் அங்கேயே சேமக்காலையில் அடக்கம் செய்தான். மரச் சிலுவை ஒன்று, நனைந்த புல், பின்னால் கறுப்பாக மரங்கள். படம் எடுத்து அனுப்பினார்கள்.

இங்கே பூசை கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். சவிரிமுத்து அழவில்லை. முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது, உண்மையைச் சொன்னால். கடலில் போனவனுக்கு மண் கிடைப்பது பேசாலைச் சனத்துக்குப் பெரிய காரியம். தாய் மரியநாயகிக்கு அவரே கடிதம் எழுதினார். தம்பிக்கு எல்லா முறையும் செய்தாயிற்று அம்மா, இனி அவனுக்காக அழாதையுங்கோ, அவன் நல்ல இடத்திலை படுத்திருக்கிறான் என்று.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கார் து நோர் ஸ்ரேசன் வரைக்கும் நடப்பார். ரயில் வருவதைப் பார்ப்பார். திரும்பி நடப்பார். எடுக்க ஒரு இலக்கம் இல்லாத மனிதர்.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு ஞாயிறு. குளிர் தொடங்கிவிட்டது. பேனாட்டுக்கு அன்றைக்கு லீவு, மாமாவோடு நடந்தான். கூண்டுக்கு முன்னால் நல்ல வரிசை. சவிரிமுத்து போய்க் கடைசியில் நின்றார்.

"மாமா, அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை. சீசன் முடிஞ்சுது. கந்தோரைப் பூட்டிப்போட்டுப் போட்டினம்."

"தெரியும். சும்மா... மணி அடிக்கிறதை மட்டும் ஒருக்காக் கேப்பம்."

முறை வந்தது. இரண்டுபேரும் உள்ளே போனார்கள். அங்கே, பூட்டின கந்தோரில், மணி அடித்தது. கனநேரம் அடித்தது. பேனாட் மாமாவின் தோளைத் தொட்டான், போதும் என்று.

'டொக்'.

"ஞாயிற்றுக்கிழமை. மேலை காத்துப் பலம். சமன் ஒண்டும் இல்லை. எல்லாம் ஆத்துக்குப் போட்டுது. ஹலிபட்டும் ஆழத்துக்குப் போட்டுது. இஞ்சை ஒண்டும் இல்லை."

நின்றது. இரைச்சல்.

"அண்ணை."

அதுவரைக்கும் மெசினில் அந்தக் குரல் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீங்கள் எடுத்தது என்னை இல்லை, அண்ணை. எனக்குப் பக்கத்திலை கிடந்தவரை. அவர் கனகாலமாக் கிடந்தவர்... நல்ல மனுசன். இப்ப நான் தனிய, நீரோட்டத்தோடை போறன்."

வெளியே நின்றவர்கள் கண்ணாடியில் தட்டினார்கள். "அண்ணை, கெதியா முடியுங்கோ!" சவிரிமுத்துவுக்குக் கேட்கவில்லை. வாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். வீதி முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.

"நீ எங்கை கிடக்கிறாய்? தம்பி, இடத்தைச் சொல்லடா! எத்தினை பாகம்?"

ரேப் மெசின் பதில் சொல்லாது. எல்லாருக்கும் தெரியும். பேனாட் சத்தியம் பண்ணினான், அது சொன்னது. கொஞ்சம் பொறுத்து, யாரையோ பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வது மாதிரி.

"தெரியேல்லை, அண்ணை. அவர்தான் எனக்கு ஆழம் சொல்லித் தாறவர்."