நூற்றொரு கண்ணித் தொப்பி

நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்கு வரும் பேருந்தில், வியர்க்க வியர்க்கக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"வரியெல்லாம் ஏனக்கா சரிஞ்சு சரிஞ்சு சுத்திப் போகுது?"

"நேரா நிக்கவேண்டிய வரி. ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம் எண்டு சுத்திச் சுத்திப் பின்னவேணும். ஊசியில நூறு கண்ணி போட்டுத் தொடங்கச் சொன்னவள், கனடாவில இருக்கிற தங்கச்சி."

"போடேல்லையோ?"

"அவளின்ர மாப்பிள்ளைக்குக் கலியாணப் பரிசு. வெறும் நூறு போடுறதோ? நூற்றொண்டு போட்டனான்."

மற்றவள் சிரித்தாள்.

"சிரியாதை. அந்த ஒரு கண்ணிதான் ஒவ்வொரு சுத்துக்கும் வரியைத் தள்ளிக்கொண்டு போகுது."

"அப்ப அவிழ்க்கப் போறீங்களோ?"

"அவிழ்ப்பம் எண்டுதான் இருந்தனான். காலமை அவளுக்குப் படம் அனுப்பினனான்."

"ஏசினவளோ?"

"இந்த டிசைன் நல்ல வடிவு, எனக்கும் பழக்குங்கோ எண்டு கேக்கிறாள்."

உப்புவெளியில் நின்ற பேருந்து மறுபடி கிளம்பியது.

"சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"ஒரு கண்ணி கூடிப்போச்சு எண்டு சொல்ல எவ்வளவு நேரம்? நான் சொல்லேல்லை. போனில பழக்க ஏலாது, ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோ எண்டனான்."