பக்கத்தில் இருந்தால்தான் திறக்கும்

—மறுபடியும் அதே பெட்டிதான் வருது, ரஹீனா. நோக்கு. ஒரு சிவப்புக் குறி, பக்கத்துல ரெண்டு வரி இங்கிலீஷ். பட்டன் ஒண்ணும் வரலை.

—லைப்ரரி ஃபைல் ஒண்ணைக் காணோம்னு சொல்லுது. அது இல்லாம புரோகிராம் திறக்காது. கொஞ்சம் நகருங்க அப்ஸல், நான் பார்க்கிறேன்.

—அப்ஸலா?

—பின்னே எப்படிக் கூப்பிடணும்?

—கல்யாணமான நாள்லேர்ந்து மச்சான்னு கூப்பிட்டவ நீ.

—பள்ளிவாசல் கமிட்டியில நம்மளைப் பிரிச்சு விட்டாச்சு. இனிமே மச்சான் என்ன, மாப்பிள்ளை என்ன. மாமிக்காக வந்தேன். ஃபைலை வச்சுட்டு இடப்பள்ளி ஹாஸ்டலுக்குத் திரும்பணும், பெட்டி கட்டணும். ஞாயித்துக்கிழமை பெங்களூர் வண்டி.

—மெதுவாப் பேசு. உம்மா இப்பத்தான் கண்ணை மூடியிருக்காங்க.

—தூங்குறாங்களா? நான் வந்தப்ப முழிச்சுத்தானே இருந்தாங்க. என்னைப் பார்த்துட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

—வாரம் முழுக்க இப்படித்தான். இடது கையை மவுஸ் மேல வச்சுக்கிட்டு சும்மா கிடக்கிறாங்க. தண்ணியா, வலியா, ஃபேனான்னு நான் ஒவ்வொண்ணா கேக்கணும். பக்கவாதம் ஒரு தடவை நாக்கை எடுத்துச்சு. இப்ப, பட்டனை அழுத்தினா அவங்களுக்காகப் பேசின இந்தக் கம்ப்யூட்டர் ரெண்டாம் தடவை எடுத்துட்டது.

—கம்ப்யூட்டர் எடுக்கலை.

—என்ன?

—நான் வச்ச ஃபைல் குப்பைத்தொட்டியில கிடக்கு. இந்தா பாருங்க. தானாப் போய் விழாது. யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க.

—நான் இல்லை.

—போன தடவை நான் பேசிப் பதிஞ்ச குரல் ஃபோல்டர் காணாமப் போச்சு. அப்பவும் இந்தத் தொட்டியிலதான் கிடந்துச்சு. கைதவறிப் போயிருக்கும்னு நெனச்சு நான் வாயைத் திறக்கலை. இந்த வீட்ல மவுஸைத் தொடுற ஆள் எத்தனை பேர்?

—நான் கடைக்குப் போயிட்டா அம்மிணிச் சேச்சி வந்து உம்மாவுக்குக் கஞ்சி குடுப்பாங்க. அவங்க இதைத் தொடவே மாட்டாங்க, ஷாக் அடிக்கும்னு பயம்.

—அப்ப நீங்கதான்.

—நான் இல்லைன்னு சொல்றேன்.

—அடுப்புல என்ன வேகுது?

—கப்பைக்கிழங்கும் மீனும். அதுக்கென்ன?

—எனக்குப் பிடிச்சது. இப்ப ஃபைல் காணோம்னதும் கப்பை. அப்ப ஃபோல்டர் காணோம்னதும் அரிசிப் பத்திரி. நான் சின்னப் பிள்ளையா அப்ஸல்?

—சரி, ஒண்ணு கேக்கிறேன். வீட்டுக்கு வான்னு நான் சும்மா கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியா?

—அது போதும். அதுக்கு மேல சொல்ல வேணாம்.

—நான் ஒத்துக்கிட்டதா அதுக்கு அர்த்தமில்லை.

—உங்க பேச்சுல எது ஒத்துக்கிறது, எது இல்லைன்னு எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லை. இருங்க. இந்த ஃபைலைத் திரும்ப எடுத்து வச்சுட்டுப் போக மாட்டேன். இன்னைக்கு வேற மாதிரி கட்டப் போறேன்.

—வேற மாதிரின்னா?

—இந்த ஜன்னல், பட்டன் எல்லாம் நான் வரையறது இல்லை. அதுக்குன்னு ஒரு லைப்ரரி இருக்கு. அது இதுவரைக்கும் தனி ஃபைலா வெளிய இருந்துச்சு. புரோகிராமுக்குப் பக்கத்துல, ஒரே ஃபோல்டர்ல இருந்தாத்தான் திறக்கும். இனிமே அதையும் குரலையும் சேர்த்து உள்ளயே வச்சுக் கட்டிடுவேன். ஒரே ஒரு ஃபைல். யாரும் எதையும் உருவ முடியாது.

—கெட்டுப் போகாதா?

—போகாது.

—அப்ப நீ வரவே வேண்டாம்.

—வரவே வேண்டாம்.

—உன் லேப்டாப்புல செஞ்சு கொண்டாந்திருக்கலாமே.

—அது ஆபீஸோடது. வேலையை விட்டதும் வாங்கிக்கிட்டாங்க. இங்கயே புரோகிராம் கட்டுற கம்பைலர் போடணும், புதுசா புராஜெக்ட் தொடங்கணும், லைப்ரரியோட மூலத்தையே இங்க வச்சுக் கட்டணும். உங்க கிழட்டு மெஷினுக்கு மத்தியானம் ஆயிடும். பென் டிரைவ்ல எல்லாம் இருக்கு. நீங்க கடைக்குப் போங்க.

—கடையை அடைச்சுட்டுத்தான் வந்தேன்.

—சுக்கு சீசன்ல கடையை அடைச்சீங்களா?

—சாயா போடட்டுமா?

—போடுங்க. சீனி வேணாம்.

—தெரியும்.

—மேசை ஓரமா வைங்க, வயர் மேல சிந்திடும்.

—இந்தா. என்ன இது, மழை மாதிரி எழுத்து ஓடுது? தப்பா?

—இல்லை, கட்டிக்கிட்டிருக்கு. லைப்ரரி முடிஞ்சது, இப்ப நம்ம புரோகிராம். நின்னா சொல்றேன். ம், நின்னுடுச்சு. பூரா பிழை.

—எதை விட்டுட்டே?

—எதையும் விடலை. வரிசை தப்பு. ஒரு லைப்ரரிக்கு இன்னொண்ணு வேணும்னா, வேணும்ங்கிறதை முதல்ல சொல்லணும், குடுக்கிறது பின்னால நிக்கணும். நான் மாத்திப் போட்டுட்டேன். எல்லாம் இங்கயேதான் இருக்கு, ஆனா ஒண்ணை ஒண்ணு காணோம்னு கத்துது.

—நம்ம வீடு மாதிரி.

—நம்ம வீட்ல வரிசை தப்பலை அப்ஸல். பொய்.

—மறுபடியும் அதுவா?

—அதேதான். பெங்களூர் போறோம்னு மாமிகிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னீங்க. சிரிச்சாங்கன்னு வேற சொன்னீங்க. நான் அதை நம்பித்தானே, பாத்திரத்தை எல்லாம் எப்ப கட்டலாம் மாமின்னு போய்க் கேட்டேன்? அவங்க கையிலிருந்த டம்ளர் அப்பத்தான் விழுந்துச்சு.

—அது பிரஷர். டாக்டரே சொன்னார்.

—டாக்டர் உங்ககிட்டச் சொன்னார். நீங்க யார்கிட்டச் சொன்னீங்க? மருமக நாக்கு மாமியா நாக்கைத் தின்னுடுச்சுன்னு உங்க பெரியம்மா மட்டாஞ்சேரி முழுக்கப் பேசினாங்க. நீங்க பக்கத்துல நின்னு தாடியைத் தடவிக்கிட்டிருந்தீங்க. “நான்தான் உம்மாகிட்டச் சொல்லலை, அவ மேல தப்பில்லை”ன்னு உங்க வாயிலிருந்து ஒரு வார்த்தை வரலையே.

—வரலை.

—ஏன்?

—சொன்னா, உம்மா விழுந்தது என்னாலன்னு ஆயிடும். அதை என்னால தாங்க முடியலை. நீ தாங்கிக்கிட்டே. நானும் விட்டுட்டேன்.

—தாங்கினேனா? மாமி ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்புறப்ப எனக்கு உள்ள என்ன ஆகுதுன்னு தெரியுமா? அவங்களுக்கும் நான்தான் காரணம்னு பட்டிருக்கு. வாயிருந்தா திட்டியாவது தீர்ப்பாங்க. அதுவும் இல்லை.

—பின்னே எதுக்கு இந்தப் புரோகிராமை எழுதிக் குடுத்தே?

—அவங்களுக்குப் பேச்சு வேணும். அது வேற, இது வேற. கப்பை அடி பிடிக்குது, போய்ப் பாருங்க.

—பார்த்துட்டேன், இறக்கி வச்சுட்டேன். இது என்ன, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது?

—இந்தப் புது புராஜெக்ட்ல தமிழ் எழுத்தை இன்னும் சேர்க்கலை. இருங்க, ஃபான்ட் போடணும். உங்களுக்கு மலையாளத்துல வச்சிருந்தா சுலபம்.

—எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். உம்மாவுக்கு மலையாளம் ஒரு எழுத்தும் வராது. நடுவுல நீ ஒருத்திதான் ரெண்டையும் வாசிப்பே.

—இந்தா, வந்துடுச்சு. தண்ணி. வலி. ஃபேன். ஜன்னல். மருந்து. போதும். அப்ஸல். அம்மிணி.

—உன் பேரு?

—என்ன?

—எனக்கு ஒரு பட்டன் இருக்கு. கஞ்சி குடுக்கிற அம்மிணிச் சேச்சிக்கு இருக்கு. உன் பேரு எங்க?

—போற ஆளுக்கு எதுக்குப் பட்டன்? அழுத்தினா யார் வரப்போறாங்க?

—முதல்ல எழுதினப்பவும் வைக்கலையே. அப்ப நீ இங்கதானே இருந்தே.

—அப்ப, அவங்க என்னைக் கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் அழுத்தாத பட்டனா அது கிடந்தா, அதை தினமும் யார் பார்த்துக்கிட்டிருக்கிறது?

—ரஹீனா.

—பேசாதீங்க. கட்டி முடிஞ்சது, ஒரு பிழையும் இல்லை. மாமியை எழுப்புங்க, சரி பார்த்துட்டுக் கிளம்புறேன்.

—எழுப்ப வேண்டாம். முழிச்சுத்தான் இருக்காங்க. உம்மா, எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க? கண்ணெல்லாம் ஈரம்.

—மாமி, மவுஸைப் பிடிங்க. எங்கயாவது அழுத்திப் பாருங்க. இனிமே இது நிக்காது. எந்த ஃபைல் போனாலும் ஓடும். உங்க மகன் கூட ஒண்ணும் செய்ய முடியாது.

—“தண்ணி.”

—ஓடுது. இன்னொண்ணு, மாமி.

—“வலி.”

—எங்க வலி? காலா?

—“போதும்.”

—போதும்னா சரி. நல்லா ஓடுது. என் குரலை நானே கேக்கிறதுதான் ஒரு மாதிரி இருக்கு. அப்ஸல், நான் போனப்புறம் வேற யாரையாவது பேச வச்சுப் பதிஞ்சுக்குங்க.

—முடியாது. இப்பத்தான் உள்ளயே வச்சுக் கட்டிட்டேன்னு சொன்னியே.

—ஆமா. சொன்னேன்.

—கப்பை சாப்பிட்டுட்டுப் போ.

—வேணாம். செருப்பு எங்க விட்டேன்? மாமி, வர்றேன். உடம்பைப் பார்த்துக்குங்க. திரும்ப முகத்தைத் திருப்ப வேணாம், நானே போயிடுறேன்.

—ரஹீனா, ஒரு நிமிஷம். அங்கயே நில்லு.

—இந்த பஸ்ஸை விட்டா...

—சத்தம் போடாதே. திரும்பி உம்மா கையைப் பாரு.

—புரோகிராமை ஏன் மூடிட்டாங்க?

—நான் தொடலை. நான் இங்க வாசல்ல நிக்கிறேன், நீயே பாரு.

—மாமி. மாமி, அது தப்பான இடம். அந்த ஃபைல்தான் உங்க பேச்சு, அதைப் பிடிச்சு இழுக்காதீங்க. அந்தப் பக்கம் குப்பைத்தொட்டி. அழிக்கவான்னு கேக்குது பாருங்க, வேண்டாம்னு சொல்லுங்க. மாமி, என்னைப் பார்க்காதீங்க, ஸ்கிரீனைப் பாருங்க.

—அழுத்திட்டாங்க.

—ஆமான்னு அழுத்திட்டாங்க. என்னைக் கூப்பிட அவங்களுக்கு வேற பட்டன் இல்லை, மச்சான்.