வெளியாள் நுழைய முடியாத வீடு

ரூட்டரோடு வருகிற பாஸ்வேர்டை யாரும் மாற்றுவதில்லை. பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிற கதைதான். நான் மாற்றினேன். அதில் தப்பு இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை, சார்.

அப்பாவுக்கு நடை தளர்ந்ததும், வெளிநாட்டிலிருக்கும் அக்கா அவர் அறை அலமாரியில் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போனாள். அங்கிருந்தே பார்ப்பாள், பேசுவாள். "தம்பி, அப்பாவுக்கு மாத்திரை குடுத்தியா? போர்வை நழுவுது பாரு." ஊட்டுவது, துடைப்பது, தூக்குவது எல்லாம் நான். கழுதை உழைப்பு எனக்கு, நல்ல பெயர் அலமாரிக்கு. அப்பாவும் அலமாரியைப் பார்த்தே பேசுவார். பக்கத்து அறையில் இருக்கும் நான் வேண்டுமென்றாலும் அதனிடம்தான் சொல்லி அனுப்புவார். மூன்று வருடம். எனக்கு வலித்தது.

இணைய இணைப்புக்காரரை வரவழைத்தேன். பாஸ்வேர்டை மாற்றினார், வெளியிலிருந்து இயக்கும் வசதியை அணைத்தார். "இனிமே வெளியாள் யாரும் எட்டிக்கூடப் பாக்க முடியாது சார். முயற்சி பண்ணா இந்த லிஸ்ட்ல தெரியும்" என்று என் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அக்காவிடம் லைன் சரியில்லை என்றேன். கேமராவின் பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்ததால் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் வியாழன், மதியம் இரண்டு மணி. என் அறையில் அந்த லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். பிறகு அப்பாவின் குரல், அலமாரியிடம். "அம்மாடி, விழுந்துட்டேன். தம்பியக் கொஞ்சம் வரச் சொல்லும்மா."

யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அக்காவின் முயற்சிகள் லிஸ்டில் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அனுமதி இல்லை. என் போன் மேசைமேல் அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தேன்.

"அம்மாடி, ரத்தம் நிக்கல. லைன்ல இருக்கியா?"

ஐந்து மணிவரை கேட்டார். அதன்பிறகு கேட்கவில்லை.

கேமராவை அன்றே கழற்றிவிட்டேன். ஆனாலும் மதியம் இரண்டானால் அந்தக் காலி அலமாரிப் பக்கமிருந்து அப்பா குரல் கேட்கிறது. இப்போதும் அக்காவைத்தான் கூப்பிடுகிறார். பயமாக இருக்கிறது, சார்.

ஆமாம், மூன்று மணி நேரமும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். அவ்வளவு நேரத்தில் அப்பா ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போகாமலா இருந்திருப்பேன்.