கீழே ஒன்றுமில்லை என்று எழுதியவன்

சங்கத் தலைவர் காசிலிங்கம் அவர்களே, உப்பளத்திலிருந்து கால் கழுவக்கூட நேரமின்றி வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செந்தமிழ் அவர்களே,

நம் சங்கச் செயலாளர் ராசம்மாள் இறந்து இன்று ஒன்பது நாள். அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்தவர் அவருடைய மகள் செந்தமிழ். எனக்கு அந்தத் தகுதி உண்டா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ராசம்மாளை உங்களுக்குத் தெரியும். உப்பு வெளிச்சத்தில் பார்வை மங்கியவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கேட்டு முதலாளி வீட்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தவர். கண்ணாடி வந்தது. அவர் மட்டும் போடவில்லை. “நான் போட்டா எவளும் வேல செய்ய மாட்டேங்கறா, என்னையே பாத்துக்கினு நிக்கறாளுங்க” என்பாராம்.

எனக்கு அவரை மூன்று மாதம்தான் தெரியும்.

ஊருக்கு அடியில் வெள்ளைக்காரர் காலத்துச் சிறு கோட்டை ஒன்று புதைந்திருப்பதாக ஒரு பழைய வரைபடம் சொன்னது. மழைநீர்க் கால்வாய் தோண்டுமுன் அதன் சுவர் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல, நில ஆய்வாளனான என்னை அனுப்பினார்கள். மண்ணுக்குள் அலை செலுத்தும் கருவியோடு வந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் பன்னிரண்டு வீடுகள் கொண்ட தெரு. திரையில் ஒன்றும் விழவில்லை.

ராசம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் உப்புப் பாத்தியின் களிமண்ணை வெறுங்காலால் மிதித்து இறுக்கியவர். எங்கே மண் இளகும், எங்கே இளகாது என்று அவர் குதிகாலுக்குத் தெரியும். முந்தின நாள் மழையில் தெரு ஊறிக் கிடந்தது. இறங்கி நடந்தார். ஒரு கோட்டில் மட்டும் கால் புதையவில்லை. அந்தக் கோடு நேராக வீடுகளுக்கு அடியில் போனது.

“எங்க வீடெல்லாம் இந்தச் சுவத்து மேலதான் குந்திக்கினு இருக்குது சார். இத்த அறுத்தா நாங்களும் விழுந்துடுவோம்.”

சிரித்தேன். ஆம், சிரித்தேன். உப்பு ஊறிய மண்ணில் அந்தக் கருவி குருடு. படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன். உப்பளம் சூழ்ந்த இந்த மரக்காணத்தில் நின்றுகொண்டு அதை எப்படி மறந்தேன்? ‘கீழே ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒன்பது நாளுக்கு முன், காலையில், கால்வாய் தோண்டிய இயந்திரம் அந்தச் சுவரை அறுத்தது. செங்கல். சுண்ணாம்பு. ஓர் அடுப்படி சரிந்தது. உள்ளே ராசம்மாள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார்.

விபத்து என்கிறார்கள். விபத்தா?

இப்போது எங்கே நடந்தாலும் என் கால் தேடுகிறது. பேருந்து நிலையத்தில். தார்ச்சாலையில். என் அறையின் சிமெண்ட் தரையில். கீழே ஏதோ ஒன்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருக்கிறது. படுத்தால் முதுகுக்கு அடியில் அது.

செந்தமிழ் அவர்களே, இந்த நிமிடம் வரை இது உங்களுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ராசம்மாள் செய்ய நினைத்த வேலை பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை மீண்டும் தோண்டப் போகிறார்கள், என் அறிக்கையை வைத்துக்கொண்டு. நாளை காலை அது தவறு என்று நானே எழுதிக் கொடுப்பேன். சுவர் போகும் வழியை ராசம்மாள் சொன்னபடி, ராசம்மாள் பெயரிலேயே எழுதுவேன். வேலை போகலாம். வழக்கு வரலாம். வரட்டும்.

ஆனால் நாளை காலைக்கு முன் ஓர் இரவு இருக்கிறது. சுவர் அறுபட்டுத்தான் கிடக்கிறது. ஒன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது இரவும் அந்தத் தெருக்காரர்கள் நீங்கள் மீதிப் பதினொரு வீடுகளில் தூங்கியிருக்கிறீர்கள்.

தலைவர் அவர்களே, மாலை போடுவது பிறகு ஆகட்டும். முதலில் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தத் தெருக்காரர்கள் எழுந்திருங்கள். போய்ப் பிள்ளைகளையும் பாயையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.