நாற்பத்தொரு படகுகள் நின்ற இருபது நிமிடம்

இந்த மீன் ஏலக்கூடத்தின் நடுவே தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் ஊர்த் தலைவர் காசிநாதன் ஐயா அவர்களே! சிதம்பரம் கீழ வீதியிலிருந்து கருவியோடும் கனவோடும் எங்கள் கரைக்கு வந்த ஆய்வாளர் அகிலாண்டம் அக்கா அவர்களே! அலையோடும் வலையோடும் வாழும் பெரியோர்களே! விடியும் முன்னே கூடை தூக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட என் தாய்மாமன் சுரேந்தர் அவர்களே! பதினோராம் வகுப்பு மாணவி மோனிகா உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கடலுக்குள் கப்பல் எழுப்பும் சத்தத்தை எப்படி அளப்பது? காதை வைத்தா? கணக்கை வைத்தா? தண்ணீருக்குள் கேட்கும் ஒலிவாங்கி ஒன்று இருக்கிறது. ஹைட்ரோபோன் என்பார்கள். அதைப் படகிலிருந்து கயிற்றில் இறக்கி, கப்பல் கடக்கும்போது பதிய வேண்டும். கிட்டப் போனால் அதிகம் கேட்கும், எட்டப் போனால் குறைவாகக் கேட்கும். ஆகவே கப்பலின் தூரத்தையும் நொடிக்கு நொடி குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பேடு என் கையில் இருந்தது. கப்பல் இல்லாதபோது கடலின் சத்தம் எவ்வளவு என்பதையும் தனியாகப் பதிய வேண்டும். இத்தனைக்கும் ஒரே நிபந்தனை, பக்கத்தில் எந்த இன்ஜினும் ஓடக் கூடாது.

அக்கா இரவல் வாங்கி வந்த கருவி அது. திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். மூன்றாண்டு ஆய்வில் மிச்சம் இருந்தது இந்த அளவீடு மட்டுமே. சனிக்கிழமை ஒரு கப்பல், ஞாயிற்றுக்கிழமை ஒரு கப்பல். அவ்வளவுதான்.

சனிக்கிழமை என்ன நடந்தது? அக்காவையும் என்னையும் ஏற்றிப் போன அப்பா விஜயகுமார் படகின் இன்ஜினை நிறுத்தினார். கப்பல் நெருங்கியது. நடுக்கடலில் ஒரு படகு இன்ஜின் ஓடாமல் நின்றால் நம் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆமாம் ஐயா, நீங்கள் சொல்வதுதான், பழுது என்று! சுரேந்தர் மாமா படகைப் பறக்கவிட்டு வந்தார்.

"இன்னா மாமா, இன்ஜின் மக்கர் பண்ணுதா? கயித்தத் தூக்கிப் போடு!"

"டேய் மச்சான், தூரப் போடா! கப்பல் சத்தத்தப் புடிக்கிறாங்க!" என்றார் அப்பா.

"சத்தத்தப் புடிச்சி எந்தச் சந்தையில விப்ப?"

அக்கா பதறிப்போய், 'போங்கள், போங்கள்' என்று துப்பட்டாவை உயர்த்தி வீசினார். கடலில் துணியை வீசினால் என்ன பொருள்? காப்பாற்றுங்கள் என்று பொருள்! இன்னும் மூன்று படகுகள் பாய்ந்து வந்தன. அன்றைய பதிவில் கப்பலே இல்லை. முழுக்க முழுக்க எங்கள் மாமாதான் இருந்தார்.

சிரிக்கிறீர்கள். அன்று அக்கா சிரிக்கவில்லை. கரைக்கு வரும்வரை அந்தப் பதிவையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த மாமா, அன்று மாலையே வீடு வீடாகப் போனார். "நாளைக்குக் காலையில கப்பல் போறப்ப, இருபது நிமிசம் எல்லாரும் இன்ஜின நிறுத்தணும்."

"எல்லாரும் நின்னுட்டா எவன் எவனக் காப்பாத்துறது?" என்று கேட்டார் ஒருவர். மீன் ஏலத்துக்குப் பிந்திவிடுமே என்றார் இன்னொருவர். அப்போது புவனகிரிக்கு மீன் கொண்டுபோகும் ராணியம்மாள் அத்தை சொன்னார்: "எனக்கு ஒரு பஸ்ஸு போவும், அடுத்த பஸ்ஸு வரும். அந்தப் பொண்ணுக்கு அடுத்த கப்பல் இருக்குதா? நிறுத்துங்கடா!"

ஞாயிறு காலை. ஒன்று நின்றது. பத்து நின்றன. நாற்பத்தொரு படகுகளும் நின்றன! ஒலிவாங்கியில் முதலில் கேட்டது கடல் மட்டும். வறுபடும் கடலை வெடிப்பதைப் போன்ற படபடப்பு. அது சின்னஞ்சிறு இறால்களின் சத்தம் என்றார் அக்கா. பிறகு கப்பல் வந்தது. அதன் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி சுழல, குமிழிகள் பிறந்து பிறந்து உடைய, அந்தப் படபடப்பு அமுங்கியது, அடங்கியது, காணாமலே போனது. ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்ட அப்பா, இருபத்தைந்து ஆண்டு கடலோடியவர், மெதுவாகக் கேட்டார்: "இம்மாஞ் சத்தத்துக்குள்ளயா அதுங்க பொழைக்குது?"

அந்தக் கேள்வியை உலகம் கேட்க வேண்டாமா? கப்பல் வேண்டாம் என்றா சொல்கிறோம்? மெல்லப் போகட்டும், விசிறி மேம்படட்டும் என்கிறோம். அதைச் சொல்ல அளவு வேண்டும். அந்த அளவைத் தந்தவர்கள் நீங்கள்!

அக்காவின் ஆய்வேட்டில் உதவியவர்களுக்கு ஒரு பக்கம் உண்டு. நாற்பத்தொரு படகுகளின் பெயர்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவதாக ராணியம்மாள் என்று எழுதியபோது அத்தை தடுத்தார்: "நான் கரையில சும்மாதான நின்னேன், எம் பேரு எதுக்குடி?"

அத்தை, அன்று அந்தக் கடல் நம்மிடம் கேட்டதே அவ்வளவுதான். யாராவது சற்று நேரம் சும்மா நிற்க வேண்டும். நீங்கள் நின்றீர்கள். ஊரே நின்றது.

நின்ற ஒவ்வொருவருக்கும் தலை தாழ்த்தி என் நன்றி. வணக்கம்!